காலனியும் காலணியும்: கணினிக்குச் சிலேடை சொல்லித்தருவது யார்?

கணினிக்கு ஜோக் சொல்லித்தருவது புது வேலை அல்ல. 1994-இலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிம் பின்ஸ்டெடும் கிரேம் ரிச்சியும் 'ஜேப்' என்ற நிரலை உருவாக்கினார்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களை அகராதியில் தேடிப்பிடித்து விடுகதை கட்டும் நிரல் அது. அதன் வழியில் பிறகு வந்த 'ஸ்டாண்ட்அப்' மென்பொருள், பேசச் சிரமப்படும் குழந்தைகள் தாங்களே ஜோக் சொல்லி விளையாட உதவியது. நல்ல விஷயம்தான். தமிழிலும் வரட்டும். ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்று சொல்லப்படும் காளமேகத்தின் மொழிக்குச் சிலேடை புதிதா என்ன?

ஆனால் இதே முறையில் தமிழ் அகராதியைக் கணினியிடம் கொடுத்துப் பாருங்கள். அதன் கையில் சிக்கும் ஜோடிகளில் ஒன்று 'காலனி – காலணி'. எழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம். பேச்சில் பலருக்கு அதுவும் இல்லை. கணினிக்கு இது வெறும் ஒலி. நமக்கு? காலனிக்காரர்கள் செருப்புப் போட்டு ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்று தடுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. செருப்பைக் கையில் தூக்கி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இந்தச் சிலேடையைச் சொல்லிவிட்டு, 'சும்மா ஜோக்தானே' என்பீர்களா?

கெட்ட வார்த்தைகளை வடிகட்டிவிடுவோம் என்பார்கள். சாதி கெட்ட வார்த்தையில் மட்டுமா ஒளிந்திருக்கிறது? 'காலனி' முகவரியிலும் பஸ் ஸ்டாப் பலகையிலும் இருந்த சாதாரணச் சொல். அது வசையாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததே 2025 ஏப்ரலில்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவோ மனிதர்கள் எழுதிக் குவித்ததிலிருந்து கற்கிறது. கறுப்பு நிறத்தையும் உழைப்பவர் தோற்றத்தையும் கேலி செய்த சினிமா காமெடியும் அந்தக் குவியலில் கிடக்கிறது.

பலர் முன்னிலையில் நம்மைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இயந்திரம் திட்டினால் எஃப்.ஐ.ஆரில் யார் பெயரை எழுதுவது? 'மெஷின் சொன்னது' என்று அதைச் செய்தவர்களும் விற்பவர்களும் கைகழுவ நாம் விடக் கூடாது.

கணினியும் மொழியியலும் படிக்கும் தோழர்களே, எது சிரிப்பு, எது இழிவு என்று தரம்பிரிக்கும் மேசையில் நாம் உட்கார வேண்டும். சம்பளத்தோடு, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு. இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜீயபுரம் பக்கம் நாற்று நடும் நம் பெண்கள் முதலாளியைக் கிண்டலடித்துச் சிரிக்கும் பேச்சு எந்த அகராதியிலும் ஏறவில்லை. அதைப் பதிவு செய்யுங்கள். கணினி அதையும் படிக்கட்டும்.