அக்கா... கணக்குல எழுதிக்குங்க!

ஒரு குட்டி க்விஸ்!

போட்டோ வேண்டாம். பான் கார்டு வேண்டாம். ஜாமீன் கையெழுத்து வேண்டாம். 'எந்த ஊரு, எந்தக் கம்பெனி?'ன்னு ரெண்டே ரெண்டு கேள்வி. உடனே கடன் ஓகே. வட்டி ஜீரோ! எந்த பேங்க்?

ரொம்ப யோசிக்காதீங்க பாஸ். திருப்பூர் மெஸ்தான்!

அவிநாசி ரோடு, பி.என். ரோடு, மங்கலம் ரோடு, காங்கேயம் ரோடு... எதுல வேணும்னாலும் ஒரு சந்துக்குள்ள திரும்புங்க. ஒரு பனியன் கம்பெனி இருக்கும். எதிர்ல லைன் வீடுங்க இருக்கும். அதுல ஒரு வீட்டோட முன் ரூம்ல நாலு டேபிள், எட்டு பெஞ்ச், ஒரு தண்ணி டிரம். அதான் மெஸ். பாதி மெஸ்ஸுக்கு போர்டே கிடையாது. 'அக்கா மெஸ்', 'தேனிக்காரர் மெஸ்', 'மாடி மெஸ்'னு சாப்பிடறவங்களே பேர் வெச்சிடுவாங்க. புருஷன் கல்லுல நிப்பார், பொண்டாட்டி இலை போடுவாங்க, ஸ்கூல் விட்டு வந்த பையன் தண்ணி ஊத்துவான். மேனேஜர், சர்வர், கேஷியர் எல்லாம் ஒரே ரேஷன் கார்டு!

நான் மூணாவது வருஷ இன்ஜினீயரிங். ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரோட ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். எங்களுக்குச் சோறு போடற அக்காவைத்தான் இந்த வாரம் பேட்டி எடுத்தேன். 'பேர் போடாதே கண்ணு... அப்புறம் கடன் கேட்டு ஊரே வந்துரும்'னு கண்டிஷன். அதனால அக்கா, அக்காவாகவே இருக்கட்டும்!

கொள்ளும் உண்டு, ரொட்டியும் உண்டு

கொங்கு நாட்டு வீட்டுச் சாப்பாடுன்னா அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, தட்டப்பயறு குழம்பு, சந்தகை. ஆனா திருப்பூர்ல ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருக்கற எல்லாருமா கொங்கு ஆளு? தேனி, மதுரை, தஞ்சாவூர்னு தென்பக்கத்துல இருந்து வந்தவங்க ஒருபக்கம். பீகார், ஒடிஷா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம்னு ரயிலேறி வந்தவங்க இன்னொரு பக்கம். அதனால அக்கா மெஸ்ல திங்கட்கிழமை கொள்ளு ரசம், செவ்வாய்க்கிழமை தேனி ஸ்டைல் காரக் குழம்பு, தினமும் ராத்திரி சப்பாத்தியும் பருப்பும்.

ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் என்ன தெரியுமா? பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில, காவிரிக்கு அந்தப் பக்கம் இருக்கற விசைத்தறி ஊர்தான் பள்ளிபாளையம். மசாலாப் பொடி ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாம சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வதக்கற ஐட்டம். தறி ஊர் கறி, தையல் ஊர் இலைக்கு வந்து சேர்ந்திருக்கு. பொருத்தம் சூப்பர்ல?

வெளி மாநிலத்துப் பசங்க அக்காகிட்ட கத்துக்கற முதல் தமிழ் வார்த்தை 'கொழம்பு'. ரெண்டாவது வார்த்தை 'எழுதிக்குங்க'. கட்டுரையோட மேட்டரே அந்த ரெண்டாவது வார்த்தைதான்!

சனிக்கிழமை சாமி

திருப்பூர்ல மாசச் சம்பளத்தை விட வாரச் சம்பளம்தான் பிரபலம். ஞாயித்துக்கிழமை லீவு, சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். சம்பளத்தைக் கணக்குப் போடறது நாளை வெச்சு இல்லை, ஷிப்ட்டை வெச்சு. காலையில எட்டரைக்கு உள்ளே போய் சாயங்காலம் வெளியே வந்தா ஒரு ஷிப்ட். ராத்திரி வரை இழுத்தா ஒன்றரை ஷிப்ட். அவசர ஆர்டர்னா நடுராத்திரியும் தாண்டும், அது ரெண்டு ஷிப்ட். ஆக, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பாக்கெட்ல காத்துதான். ஆனா வயிறு சனிக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணுமா? ம்ஹூம்!

இங்கதான் அக்காவோட நோட்டு என்ட்ரி. ஆளுக்கு ஒரு பக்கம். மேல பேர்... பேர் தெரியலைன்னா 'சிவப்பு சட்டை', 'கட்டிங் மாஸ்டர் தம்பி', 'ஒடிசா உயரம்'. கீழே கா, ம, இ (காலை, மதியம், இரவு). சாப்பிட்டா டிக், சாப்பிடலைன்னா கோடு. சனிக்கிழமை ராத்திரி கூட்டல், வசூல், பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. முடிஞ்சது. மறுநாள் புதுக் கணக்கு.

'ப்பூ... இவ்ளோதானா?'ன்னு கேக்கறீங்களா? இன்ஜினீயரிங் மூளையைக் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம். ஒரு உதாரணக் கணக்குதான். காலை டிபன் 40 ரூபாய், மதியச் சாப்பாடு 70, ராத்திரி டிபன் 50. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 160. ஆறு நாளைக்கு 960. கணக்கு வெச்சிருக்கறவங்க 30 பேர்னு வெச்சுக்குங்க. மொத்தம் 28,800 ரூபாய்! அதாவது அந்தக் குட்டி முன் ரூம், ஒவ்வொரு வாரமும் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய்ச் சோத்தை வட்டியில்லாக் கடனா வெளியே விட்டுட்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கு.

மளிகைக்காரர் காத்திருப்பாரா? கொஞ்சம். காய்கறி மார்க்கெட்? சான்ஸே இல்லை. கேஸ்? கேக்கவே வேண்டாம். வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, மெஸ்ஸுக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் வாங்கணும். அதோட விலையை எண்ணெய் கம்பெனிங்க மாசாமாசம் மாத்தறாங்க. 'உங்களுக்கு ரிசல்ட் வர்ற மாதிரி கண்ணு எங்களுக்கு ஒண்ணாந்தேதி'ங்கறாங்க அக்கா.

இப்ப அதே கணக்குல ரெண்டு பேர் மட்டும் ஒரு வாரப் பாக்கியோட எஸ்கேப் ஆனா? 1,920 ரூபாய் அவுட். ஒரு இலைக்குப் பத்து ரூபாய் நிக்குதுன்னா, அந்த ஓட்டையை அடைக்க இன்னும் 192 இலை போடணும். ரெண்டு பேர் போட்ட நாமத்துக்கு 192 இலை... யோசிச்சுப் பாருங்க!

நோட்டு செல்லலை... நோட்டு செல்லுச்சு!

அக்கா மெஸ் ஆரம்பிச்சு 17 வருஷம் ஆச்சு. திருப்பூர் வரலாற்றை அவங்க நோட்டை வெச்சே எழுதிடலாம்.

நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்த வழக்குல, சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது 2011 ஜனவரியில். ஆத்துக்கும், கீழ்ப்பக்கம் இருந்த விவசாயிகளுக்கும் அது ரொம்ப நாளா கேட்ட நியாயம். ஆனா பின்னிய துணி சாயம் ஏறாம நின்னா கட்டிங் நிக்கும்; கட்டிங் நின்னா தையல் நிக்கும்; தையல் நின்னா அக்கா மெஸ்ல பெஞ்ச் காலி. சாயப்பட்டறைப் பசங்க பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பினதா சொல்றாங்க அக்கா.

500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சது 2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி. நாலு நாள் கழிச்சு சனிக்கிழமை. ரொக்கத்துல சம்பளம் போடற ஊர்ல புது நோட்டுக்கு எங்க போறது? 'பேங்க் நோட்டு செல்லலை, எங்க நோட்டு செல்லுச்சு'ன்னு சிரிக்கறாங்க அக்கா. மூணு வாரம் கூட்டலே போடாம டிக் மட்டும் அடிச்சாங்களாம்.

2020 மார்ச் 25-ல ஊரடங்கு. மே மாசம் சிறப்பு ரயில்கள் விட ஆரம்பிச்சதும் வடக்கத்திப் பசங்க மூட்டை கட்டினாங்க. பாக்கி? 'பாதிப் பேர் குடுத்துட்டுப் போனாங்க, பாதிப் பேர்கிட்ட நானே கேக்கலை'ங்கறாங்க. அதுல ஒரு ஒடிஷாக்காரப் பையன் ஏழு மாசம் கழிச்சு, ஊர்ல இருந்து 620 ரூபாயை போன்லயே அனுப்பியிருக்கான். அந்தப் பக்கத்தை மட்டும் அக்கா கிழிக்கவே இல்லை. எனக்குக் காட்டினாங்க. குறுக்கே கோடு போட்டு, பக்கத்துல ஒரு பிள்ளையார் சுழி!

அப்புறம் 2025 ஆகஸ்ட் 27. அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமா ஏத்தின நாள். டி.வி.யில எக்ஸ்போர்ட்டர்ஸ் பேசினாங்க, மந்திரிங்க பேசினாங்க. அக்காவுக்கு டி.வி. தேவைப்படலை. 'ராத்திரி தோசை குறைஞ்சா கம்பெனியில ஆர்டர் குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம் கண்ணு'ன்னாங்க. எப்படி? ஒன்றரை ஷிப்ட் ஓடினா, களைச்சுப்போய் வெளியே வர்றவன் மெஸ்ஸுக்கு வருவான். ஒரு ஷிப்ட்தான்னா காசும் குறைவு, நேரமும் இருக்கு. ரூம்லயே உப்புமா கிண்டிக்குவான். எகனாமிக்ஸ் புரொஃபசர்ஸ், நோட் பண்ணுங்க!

1,140 ரூபாய்

அந்த மாசம்தான் எங்க ரூம்ல ஒருத்தன் மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தினான். அவங்க அப்பா பவர் டேபிள்ல டெய்லர். வாரத்துக்கு மூணு ஷிப்ட் கிடைச்சாலே பெருசுங்கற நிலைமை. பையனோட மெஸ் பாக்கி 1,140 ரூபாய். 'பசிக்கலை மச்சி', 'காலேஜ்லயே சாப்ட்டேன் மச்சி'ன்னு டெய்லி ஒரு டயலாக். காலேஜ் பஸ் பிடிக்க மெஸ் சந்து வழியா வராம சுத்திட்டு வந்தான். பேக்ல பார்த்தா பன், வாழைப்பழம்.

நாலாவது நாள் அக்கா என்னை நிறுத்தி, மெதுவா கேட்டாங்க. 'ஏங் கண்ணு, உன் கூட்டாளி எங்க? செமஸ்டர் வருதுன்னானே... பாக்கி பாட்டுக்கு நோட்டுல கெடக்கும். வெறும் வயித்தோட பரிச்சைக்குப் போக வேண்டாம்னு சொல்லு.'

வந்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தான். அக்கா நோட்டையே எடுக்கலை. எப்பவும் போல 'ரெண்டா, மூணா?'ன்னு தோசையைத்தான் கேட்டாங்க. செமஸ்டர் லீவுல ஒரு கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போய், ரெண்டு சனிக்கிழமையில பாக்கியை அடைச்சான்.

'நீங்க தெய்வம்க்கா'ன்னு நான் கொஞ்சம் ஓவரா ஃபீல் பண்ணிட்டேன். அக்கா பட்டுனு வெட்டினாங்க. 'தெய்வமும் இல்ல, தர்மமும் இல்ல. இது யாவாரம். அவன் இன்னிக்கு ஓடிட்டான்னா எனக்கு 1,140 நட்டம். வந்தான்னா இன்னும் ஒன்றரை வருசம் சாப்பிடுவான்ல?'

எனக்கு இந்தப் பதில்தான் ரொம்பப் பிடிச்சது. கோவை பக்கம் வடிவேலம்பாளையத்துல ஒரு ரூபாய்க்கு இட்லி போட்ட கமலாத்தாள் பாட்டியை நமக்கெல்லாம் தெரியும். 2019-ல நாடே அவங்களைப் பத்திப் பேசுச்சு. 2022 அன்னையர் தினத்துல ஆனந்த் மஹிந்திரா தரப்புல வீடே கட்டிக் குடுத்தாங்க. 2013-ல அரசாங்கம் அம்மா உணவகம் ஆரம்பிச்சப்போ இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் அஞ்சு ரூபாய். ரெண்டுமே பசிக்குப் பெரிய உதவி. ஒண்ணுல பாட்டியோட மனசு, இன்னொண்ணுல அரசாங்கக் கஜானா. ஆனா அக்கா மெஸ்ஸுக்கு முதல், நீங்களும் நானும் சனிக்கிழமை வருவோம்ங்கற நம்பிக்கை மட்டும்தான். விலையைக் குறைக்க அவங்களால முடியாது. காத்திருக்க முடியும். அதைத்தான் குடுக்கறாங்க.

ஆப்ல ஆஃபர் வருது, பிரியாணி வருது, எல்லாம் சரி. நானும் ஆர்டர் போடறவன்தான். ஆனா அக்கவுன்ட்ல ஆறு ரூபாய் இருக்கறப்ப எந்த ஆப்பும் 'பரிச்சைக்கு வெறும் வயித்தோட போகாத'ன்னு நோட்டிஃபிகேஷன் அனுப்பாது. நாம ஒருத்தர் ஏமாத்திட்டுப் போனா அக்காவுக்கு நஷ்டம் மட்டும் இல்லை. அடுத்து புதுசா வர்ற ஜூனியர்கிட்ட 'இங்க கணக்கெல்லாம் கிடையாது தம்பி, காசு வெச்சிட்டு உக்காரு'ன்னு சொல்ல வேண்டிய நிலைமை வரும். எங்க தெருவுலயே ரெண்டு மெஸ்ல அப்படி எழுதித் தொங்க விட்டாச்சு.

மெஸ் தர்மம் 5

* சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. 'சில்லறை இல்லைக்கா, திங்கட்கிழமை தர்றேன்' டயலாக் அக்காவுக்கு 17 வருஷப் பழசு!

* ஊருக்குப் போறீங்களா, முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுங்க. உங்களுக்குன்னு ஆட்டின மாவு புளிச்சா அந்த நஷ்டம் நோட்டுல ஏறாது.

* டிக்கை நீங்களும் செக் பண்ணுங்க. கூட அடிச்சிருந்தா கேளுங்க. குறைவா அடிச்சிருந்தா... அதையும் சொல்லுங்க பாஸ்!

* அடுத்தவன் பக்கத்தை எட்டிப் பார்க்காதீங்க. அவன் பாக்கி, அவனோட மார்க் ஷீட் மாதிரி.

* காசு கஷ்டமா? சுத்து வழியில போகாம நேரா உள்ளே போய்ச் சொல்லுங்க. அக்கா திட்டுவாங்க. திட்டிக்கிட்டே ரெண்டு தோசை போடுவாங்க.

அடுத்த வாரம் வேற ஒரு சந்துல மீட் பண்ணுவோம்!