வாரத்துக்கு ஒருமுறை ஒரு பலா மரம்

மன அமைதிக்கென்றே செல்பேசிச் செயலிகள் வந்து நாளாகிவிட்டது. 2010இல் லண்டனில் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ், 2012இல் வந்த காம் இரண்டையும் சேலத்திலிருந்து என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் போனிலும் பார்க்கிறேன். கண்ணை மூடச் சொல்கின்றன, மூச்சைக் கவனிக்கச் சொல்கின்றன. அதனால் தூக்கம் வந்தது, பதற்றம் குறைந்தது என்பவர்களை நான் நம்புகிறேன். ஆனால் ‘விடாமல் இத்தனை நாள்’ என்று அவை காட்டும் கணக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் விட்டுப்போனால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அமைதி தேடி வந்தவர் கடன்காரனைப் போலத் தவணைக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது.

சேர்வராயன் மலையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம். என் போனில் நான் விரும்பி வைத்திருக்கும் செயலி சீசன்வாட்ச். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இந்திய அமைப்பின் திட்டம் அது, 2010இல் தொடங்கியது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் அடியில் போய் நிற்க வேண்டும். தளிர் இருக்கிறதா, முற்றிய இலை எவ்வளவு, மொட்டு, பூ, காய், பழம் எப்படி? ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால் முடிந்தது. அதன்பின் அடுத்த வாரம்வரை அதற்கு நம்மிடம் வேலை இல்லை.

நான் எடுத்துக்கொண்டது காப்பிக் களத்தை ஒட்டி நிற்கும் பலா. பழம் வெட்டும் காலத்தில் மட்டும் அண்ணாந்து பார்க்கப்படும் மரம் அது. வாராவாரம் அதன் கீழ் நின்றால் வேறு மரமாகத் தெரிகிறது. மேல் கிளையில் தளிர் விடும்போது கீழ்க்கிளை பழுத்த இலையை உதிர்க்கிறது. அடிமரத்தில் கருத்துப்போய் விழுபவற்றைப் பார்த்து, மூசெல்லாம், அதாவது பிஞ்செல்லாம், கொட்டுகிறதே என்று வேலைக்கு வரும் பெண்கள் வருந்துவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூங்கதிர்கள். மகரந்தம் கொடுத்த பின் உதிர்வதுதான் அவற்றின் இயல்பு. பெண் கதிர்தான் காயாகிறது. ‘பூ இருக்கிறதா?’ என்று செயலி கேட்கப் போய்த்தான் கிட்டே போய் நின்று பார்க்கும் பழக்கம் எங்களுக்கு வந்தது.

இந்தப் பழக்கம் இந்த மலைக்குப் புதிதல்ல. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காப்பி வந்தது. காப்பிக்காரன் வானத்தையும் செடியையும் பார்க்காமல் பிழைக்க முடியாது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் மொட்டுகள் ஒரே நேரத்தில் விரியும். சில்வர் ஓக் நிழலுக்குக் கீழே தோட்டம் முழுக்க வெள்ளை. மல்லிகைக்கு நெருங்கிய வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். என் அப்பா தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து அளவை நோட்டில் எழுதுவார். பூ விரிந்த தேதியும் அதிலேயே இருக்கும். எழுதி முடித்ததும் நோட்டு அலமாரிக்குப் போய்விடும், அவர் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு செயலியிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

பறவைகளுக்கு இபேர்ட் இருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் அதை 2002இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதுவே பதிவேடு. அந்தக் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் குறைந்தது கால் மணி நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் பட்டியலிட வேண்டும். ஏற்காட்டின் லேடீஸ் சீட்டிலோ பகோடா பாயின்ட்டிலோ கால் மணி நேரம் அசையாமல் நிற்கும் பயணியைப் பார்ப்பது அரிது. அந்தக் கட்டாயமே இதன் சிறப்பு. அதே ஆய்வகத்தின் மெர்லின், குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அதில் எனக்குத் தயக்கம் உண்டு. குக்குறுவான் கத்தும்போது பையன்கள் மரத்தைப் பார்க்காமல் திரையில் பெயர் வருகிறதா என்று பார்க்கிறார்கள். முதலில் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு கேட்டால் நல்ல துணை.

போனே இல்லாமல் இருந்துவிடலாமே என்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். எங்களுக்கு அது நடவாது. காப்பி விலையும் மழை முன்னறிவிப்பும் அதில்தான் வருகின்றன. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது இணைய வகுப்புக்காகச் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஏறிய பிள்ளைகளின் கையில் அது அப்படியே தங்கிவிட்டது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் 2018 முதல் நேர வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது, வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூடிவைத்த நேரத்தில் பார்க்க வேறொன்று வேண்டாமா? காட்டுமாடு நடமாடும் எஸ்டேட் பாதையில் குனிந்த தலையோடு நடப்பது உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் ‘மாத்ருபூமி’ நாளிதழின் ‘சீட்’ (SEED) என்ற மாணவர் சுற்றுச்சூழல் திட்டம் வழியாகப் பள்ளிப் பிள்ளைகள் சீசன்வாட்சுக்கு மரங்களைப் பார்த்து எழுதுகிறார்கள். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போதெல்லாம் பூக்கிறது என்று அங்கே பிள்ளைகள் எழுதியதைப் பெரியவர்கள் ஆராய்கிறார்கள். நம் மலையில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது, கான்வென்ட் இருக்கிறது, மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளியும் தன் வளாகத்தில் ஒரு பலாவையோ நாவலையோ எடுத்துக்கொள்ளட்டும். திங்கள் காலை இறைவணக்கம் முடிந்ததும் ஒரு வகுப்பு மரத்தடியில் பத்து நிமிடம் நிற்கட்டும். பிள்ளைகள் பார்த்துச் சொல்ல, ஆசிரியர் பதிவு செய்யலாம். பிள்ளைகள் யாரும் போன் கொண்டுவரத் தேவையில்லை. ஆசிரியரின் ஒரு போன் போதும். மலையில் சிக்னல் இல்லாத ஊர்களில் நோட்டில் எழுதிவைத்து, ஏற்காடு சந்தைக்கு வரும் நாளில் ஏற்றிவிடலாம்.