விறகு பொறுக்கினால் சேவை, சோறு வடித்தால் தீட்டு

போன மாதம் என் மகன் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தான். சாரணர் படையில் சேரப் போகிறானாம். மூன்று நாள் முகாமாம். "கையெழுத்துப் போடுங்கப்பா, நாளைக்கே குடுக்கணும்" என்றான். பேனாவை எடுத்தேன். போட முடியவில்லை.

1984இல் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நானும் சாரணன். அந்தப் படையில் சேரியிலிருந்து போனவர்கள் மூன்றே பேர். கழுத்துத் துண்டு வாங்க அம்மா நடவுக் கூலியைச் சேர்த்துக் கொடுத்தாள். முடிச்சுப் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கம்பைச் சுற்றிப் போடுகிற குளோவ் ஹிட்ச் முடிச்சை முதல் தடவையிலேயே போட்டேன். "எங்கடா கத்துக்கிட்ட?" என்றார் சாரண ஆசிரியர். "எங்கப்பா பாடை கட்டுவாரு சார்" என்றேன். மொத்தப் படையும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார்.

முகாமில் எட்டுப் பேருக்கு ஓர் அணி. அணியே சமைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டாம் நாள் என் முறை. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அணித்தலைவன் ஆசிரியரிடம் போனான். "சார், அவன் வடிச்சா நாங்க எப்பிடி சார் சாப்புடுறது? எங்க வீட்ல திட்டுவாங்க." ஆசிரியர் கெட்டவர் இல்லை. சாதிப் பேர் சொல்லவில்லை. என் தோளில் கை போட்டுத்தான் சொன்னார்: "நீ போயி வெறகு பொறுக்கிட்டு வாடா. அதுவும் சேவதான்." விறகு பொறுக்கினேன். கக்கூசுக்குக் குழி வெட்டினேன். என் அரிசியை வேறொருவன் வடித்தான். ராத்திரி தீ மூட்டிப் பாட்டுப் பாடினோம். சாரணர் வழக்கப்படி இடது கையால் கைகுலுக்கினோம். என் கையைக் குலுக்கலாம், அந்தக் கை வடித்த சோற்றை மட்டும் தின்னக்கூடாது. இதுதான் நான் கண்ட சகோதரத்துவம்.

இன்னொன்றும் உண்டு. கரி கமாய் என்பார்கள். இந்திச் சொல். நேர்மையாய் உழைத்துச் சம்பாதித்த காசு என்று பொருள். பையன்கள் வீடு வீடாய்ப் போய்ச் சின்ன வேலை செய்து காசு வாங்கி வர வேண்டும். மற்றவர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், புத்தகம் அடுக்கினார்கள். எனக்கு ஊர்த் தெருவில் ஒரு வீடு. "வாசப்படி ஏறாத. பின்னால போயி மாட்டுக் கொட்டாயக் கூட்டு" என்றாள் அந்த வீட்டம்மா. போனேன். அது என் அம்மா தினமும் விடியுமுன் சாணி அள்ளும் கொட்டாய். ஒரு நாள் அள்ளியதற்கு எனக்கு ஒரு ரூபாய். உயரத்திலிருந்து போட்டாள், ஏந்திக்கொண்டேன். படையில் கைதட்டினார்கள். ஆயுசு முழுக்க அள்ளிய அம்மாவுக்கு எவன் கைதட்டினான்?

இங்கேதான் என் சண்டை. ஊர்ப் பையன் துடைப்பத்தைத் தொட்டால் அது சேவை, அதற்குச் சான்றிதழ். நாங்கள் தொட்டால் அது பிறப்பு, அதற்குப் பழைய கஞ்சி. குனியாதவனைக் குனிய வைப்பது நல்ல பயிற்சிதான். தலைமுறை தலைமுறையாய்க் குனிந்தே இருக்கிறவனுக்கு மறுபடியும் குனியச் சொல்லித் தருவது என்ன பயிற்சி?

இந்த இயக்கத்தின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். 1909இல் இந்தியாவுக்கு வந்த சாரணர் படையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான் இடம். இந்தியப் பிள்ளைகளை ஒதுக்கலாமா என்று கேட்டு 1916இல் சென்னையில் தனிச் சாரணர் சங்கம் கண்டவர் அன்னி பெசன்ட். நியாயமான கேள்வி. ஆனால் அதே அம்மையார்தான் 1909இல், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு உடனே ஒன்றாய் உட்கார வைக்கக்கூடாது, முதலில் சுத்தம் கற்கட்டும் என்று எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வந்த தன் நூலில் அதை எடுத்துப்போட்டுக் காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரன் நம்மை ஒதுக்கினால் அவமானம். நாம் சேரியை ஒதுக்கினால் சுகாதாரமா?

பேடன் பவல் 1908இல் எழுதிய சாரணர் விதியில், எந்தச் சமூக வர்க்கத்தவனாக இருந்தாலும் சாரணன் சாரணனுக்குச் சகோதரன் என்று இருந்தது. இங்கே இன்று சொல்லித்தரும் ஒன்பது விதிகளில் சகோதரன் இருக்கிறான், அந்தச் சொற்கள் இல்லை. விலங்குகளுக்கு நண்பனாக இரு என்று விதி உண்டு. தீண்டாமை பார்க்காதே என்று விதி இல்லை. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவோடு அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பாரத சாரணர் இயக்கம் பிறந்தது அதே ஆண்டு நவம்பர் 7. பத்தாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பிரிவு கண்ணில் படவில்லையா?

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பீர்கள். 2018இல் அவிநாசிப் பக்கத்தில் தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. கழுத்தில் ஒரே நிறத் துண்டைக் கட்டிவிட்டால் மணிக்கட்டுக் கயிறு அவிழ்ந்துவிடுமா?

சாரணர் இயக்கத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. முடிச்சும் முதலுதவியும் எங்க பிள்ளைகளுக்கும் வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். சமையலும் கக்கூசுக் குழியும் எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும். ஒருத்தன் வடித்த சோற்றைத் தின்னமாட்டேன் என்கிறவன் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். உறுதிமொழியோடு 17ஆம் பிரிவையும் மனப்பாடம் செய்யட்டும். ஊர்ப் பையன்கள் சேரிக்கும் வந்து வேலை செய்யட்டும். எங்க வீட்டில் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் கையெழுத்துப் போட்டேன். கீழே ஒரு வரி எழுதினேன்: "சமையல் முறை வரும்போது என் மகன்தான் சமைப்பான்." தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். "என்ன சார் இது? இங்க யாரு சார் சாதி பாக்குறா?"

"பாக்கலன்னா சந்தோஷம் சார். அந்தத் தாள அப்பிடியே ஃபைல்ல வையுங்க" என்றேன்.

முகாம் அடுத்த மாதம். இரண்டாம் நாள் அவன் முறை. நான் போகிறேன். பந்தியில் உட்கார்ந்து, யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.