கடலுக்கும் கோடை லீவு!



நமக்கு முழு ஆண்டு லீவு வரும்போது கடலுக்கும் லீவு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருகத்தான் இந்தத் தடை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கி, 2017-ல் 61 நாள் ஆனது. கட்டுமரமும் ஃபைபர் படகும் மட்டும் கரையோரம் போகலாம். அதனால் வரத்து குறைந்து, கடலூரிலிருந்து நம்ம ரிஷிவந்தியம் வரைக்கும் விலை ஏறும்.

உடனே, “மீன்காரம்மா கொள்ளையடிக்கிறாங்க” என்கிறோம். இது நியாயமா? நம்ம ஊரில் யாராவது விதைநெல்லைக் குத்திச் சோறு ஆக்குவாங்களா? சினை மீனைப் பிடிப்பதும் அதே மாதிரிதான். அதை விட்டுவைக்க, விசைப்படகுத் தொழிலாளர்கள் ரெண்டு மாசக் கூலியை இழக்கிறாங்க. அரசு 2024-ல் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. ரெண்டு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு?

என் கருத்து இதுதான். அந்த ரெண்டு மாசம் ஏரிக் கெண்டையும் விராலும் வாங்குவோம். தடை முடிஞ்ச பிறகும் குஞ்சு மீனை வாங்க வேண்டாம். நெத்திலி வேற, வளர வேண்டிய சங்கராக் குஞ்சு வேற. வாங்க ஆள் இல்லைன்னா பிடிக்கவும் மாட்டாங்க. கடல் இல்லாத ஊரிலிருந்தும் கடலைக் காப்பாற்றலாம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி