சுவரேறிக் குதிப்பவர்களும் நம் மௌனமும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று எங்கள் திருவண்ணாமலையில் கைப்பேசிகள் ஊமையாகிவிடும். மலையைச் சூழ்ந்து பல இலட்சம் மக்கள் திரளும் அவ்விரவில் அலைவரிசை தாங்காது. வெளியூரிலிருந்து புறப்பட்ட பிள்ளை பேருந்து நிலையத்தில் இறங்கினானா, வழியில் எங்கேனும் சிக்கிக்கொண்டானா என்றறிய வகையின்றி எத்தனையோ தாய்மார் வாசற்படியில் காத்திருப்பர். ஆயினும் அதுகுறித்து எவரும் பெரிதாகக் குறைகூறுவதில்லை. நெரிசலால் நேர்வது அது. பொழுது விடிந்தால் தீர்ந்துவிடும். கட்டளையால் நேரும் ஊமைத்தனம் வேறு. அது பொழுது விடிந்தாலும் தீராது.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. 13 உயிர்கள் பறிபோயின. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தி வைக்க அரசு ஆணையிட்டது. வதந்தி பரவாமல் தடுப்பதற்கே என்று காரணம் சொல்லப்பட்டது. வதந்தி எப்போது பிறக்கிறது? மெய்ச்செய்தி வரும் வழி அடைபடும்போதன்றோ அது பிறக்கிறது! 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, காவல்துறை அதிகாரிகள்மீதே குற்றம் கண்டது. துயருற்ற மக்கள் தாம் கண்டதை ஊருக்கு உரைக்க முடியாதபடி அந்நாட்களில் வாய் கட்டப்பட்டது யாருடைய நன்மைக்கு என்று நாம் கேட்க வேண்டாமா?

அதற்கு மறு ஆண்டு, 2019 ஆகஸ்ட் 4 இரவில், காஷ்மீரத்தில் தொலைபேசியும் இணையமும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், காலவரையறையின்றி இணையத்தை நிறுத்தி வைத்தல் ஆகாதென்றும், தடை ஆணைகளை வெளியிட வேண்டுமென்றும் கூறிற்று. எனினும் அதிவேக இணையம் அம்மக்களுக்கு முழுமையாக மீண்டது 2021 பிப்ரவரியில்தான். ஏறத்தாழ 18 மாதங்கள்! பெருந்தொற்றுக் காலத்தில் நம் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் பாடம் கேட்டபோது, அப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் நத்தைபோல் ஊர்ந்த இணையத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தனர்.

இவ்வாறு வாய் கட்டப்படும் மக்களுக்குக் கைகொடுக்கும் கருவிகள் உலகில் இல்லாமல் இல்லை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் ‘க்னூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எவரும் எந்நோக்கத்திற்கும் இயக்கலாம். அதன் மூலநிரலைப் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம். படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். தாம் திருத்தியதையும் வழங்கலாம். இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். அவ்வகையில் எழுதப்பட்ட ‘பிரையர்’ என்னும் செயலி, இணையம் அறுந்த நிலையிலும் புளூடூத், வைஃபை வழியாக அருகிலுள்ள கைப்பேசிக்குச் செய்தியைச் சேர்ப்பிக்கும். இணையம் உள்ளபோது ‘டோர்’ வலையமைப்பின் வழியே, யார் யாருக்கு எழுதினார் என்பது புலப்படாதவாறு அனுப்பும். ‘எலமென்ட்’ என்னும் மற்றொரு செயலியைக் கொண்டு, ஒரு பள்ளியோ ஜமாஅத்தோ தனக்கென ஒரு வழங்கியை நிறுவி, எந்தப் பெருநிறுவனத்தின் தயவுமின்றிச் செய்தி பரிமாறலாம்.

2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு தடைசெய்த 14 செயலிகளின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றன. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் இவற்றைப் பயன்படுத்தினர் என்பது காரணம். எலமென்ட் இயங்கும் அதே ‘மேட்ரிக்ஸ்’ நெறியின்மீதுதான் பிரெஞ்சு அரசு தன் அலுவலர்க்கான செயலியையும், ஜெர்மானிய இராணுவம் தன் வீரர்க்கான செயலியையும் அமைத்துக்கொண்டுள்ளன. அரசுகள் தம் இரகசியத்தைக் காக்க நம்பும் பூட்டு, குடிமகன் கைக்கு வந்ததும் கள்ளச்சாவி ஆகிவிடுமோ? கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இத்தடையை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றனர். நம் சமுதாயத்திலோ அப்படியொரு தடை வந்ததை அறிந்தவர்களே அரிது.

ஏன் இந்த அலட்சியம்? நம்மில் பெரியவர்கள் சொல்லும் விடை ஒன்று உண்டு: “நாம் தவறேதும் செய்யவில்லை, மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போகட்டுமே!” இச்சொல் பணிவுபோல் தோன்றும். மார்க்கத்தின் தராசில் வைத்தால் இது நிற்காது. துருவித் துருவி ஆராய்தலைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் வெளிப்படையாக விலக்குகிறது. பிறர் இல்லத்தில் அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைதலை நூர் அத்தியாயம் தடுக்கிறது. நம் நூல்களில் வழங்கிவரும் வரலாறு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில் ஒரு வீட்டினுள் தகாத ஓசை கேட்டுச் சுவரேறிக் குதித்தார்கள். அம்மனிதர், தாம் செய்தது ஒரு குற்றமென்றும், கலீபா செய்தவை மூன்றென்றும் எடுத்துரைத்தார்: துருவிப் பார்த்தது, வாயில் வழி வராதது, அனுமதியின்றி நுழைந்தது. உமர் (ரலி) அவர்கள் அவரைத் தண்டியாது திரும்பினார்கள். கவனியுங்கள்: அம்மனிதர் குற்றமற்றவரல்லர். குற்றமுள்ளவனுக்கே அந்தச் சுவர் உரிமையென்றால், குற்றமற்ற நம் குடும்பங்கள் அச்சுவரைத் தாமே இடித்துக் கொடுப்பது எந்த நியாயம்? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். மார்க்கமும் சட்டமும் தந்ததை நாம் வேண்டாமென்கிறோம்!

சுவரேறுவோர் அரசுகள் மட்டுமல்லர். தொழுகை நேரமும் கிப்லாவின் திசையும் காட்டும் ‘முஸ்லிம் புரோ’ என்னும் செயலி, உலகெங்கும் கோடிக்கணக்கான முஸ்லிம்களின் கைப்பேசிகளில் இருந்தது. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் ‘எக்ஸ்-மோட்’ என்னும் தரகு நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்கள் இருந்ததையும் ‘மதர்போர்டு’ செய்தித்தளம் 2020 நவம்பரில் வெளிப்படுத்தியது. அதன் பின்னரே அத்தொடர்பை முறித்துக்கொள்வதாகச் செயலியை நடத்தியவர்கள் அறிவித்தனர். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்தவனின் இருப்பிடம் சந்தைச் சரக்காயிற்று! மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்போர் இதற்கு என்ன சொல்வர்?

14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளிவாசலில் நேரங்கணிப்பவராக இருந்த இப்னு ஷாதிர், 1371ஆம் ஆண்டளவில் அதன் மினாராவில் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். வந்தவர் எவரும் நேரம் பார்த்துச் சென்றனர். எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று அது எவரையும் கேட்கவில்லை. தொழுகை நேரக் கணக்கு, ஊரின் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் கதிரவனின் நிலையையும் கொண்டு போடுவது. அதைக் கைப்பேசிக்குள்ளேயே கணித்துக்கொள்ளும் கட்டற்ற செயலிகள் இன்றும் ‘எஃப்-டிராய்ட்’ தொகுப்பில் விலையின்றிக் கிடைக்கின்றன.

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. ஒரு ஹதீஸ் நம்மிடம் வந்தால் முதலில் கேட்பது இஸ்னாத். யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் சோதித்த பின்னரே ஏற்கிறோம். அறிவிப்பாளர் இன்னாரென்று தெரியாவிடில் ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்குகிறோம். மூலநிரலைக் காட்ட மறுக்கும் செயலியும் அத்தகையதே. நிரல் வெளிப்படையாக இருந்தால் நாம் படிக்கத் தெரியாதவரேனும், படிக்கத் தெரிந்த ஆயிரம் பேர் சோதிக்கலாம். ஜர்ஹு, தஃதீல் செய்யலாம்.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி ஒன்றைத் தள்ளிவிட்டுப் போவது நேர்மையன்று. 2022 ஜனவரி முதல் நாளில் நம் சமுதாயப் பெண்களின் படங்களை ஏலப்பொருள்போல் வைத்த ‘புல்லி பாய்’ செயலி, எவரும் நிரல் பகிரும் பொதுத்தளம் ஒன்றில்தான் ஏற்றப்பட்டது. அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் அவ்வழக்கில் சந்தேகத்திற்குரியோரைக் காவல்துறை சில நாட்களிலேயே கைது செய்தது. குறிப்பிட்ட குற்றத்தைக் குறிப்பிட்டவர்மீது விசாரித்தார்கள். அதற்காக நாடு முழுவதும் மக்களின் கடிதங்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. குற்றம் செய்தவனைத் தேடுவது நீதி. எல்லோரையும் குற்றவாளியாகக் கருதிக் கண்காணிப்பது அநீதி.

இனி நம் கடமை என்ன? முதலில் நம்மையே திருத்துவோம். மக்தபுக் குழந்தைகளின் படங்களையும் ஆதார் எண்களையும் குழுச்செய்திகளில் தாராளமாக இறைக்கும் ஆசிரியர்களுள் நானும் இருந்திருக்கிறேன். அவை அமானத் என்பதை மறந்தோம். எங்களுக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தில், க்னூ லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளை விலையின்றிக் கற்பிக்கின்றனர். நம் மத்ரஸாக்கள் அத்தகையோரை அழைக்கட்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் இரண்டு பிள்ளைகளேனும் இக்கல்வியைக் கற்கட்டும். அறிவை மறைப்பதைக் கண்டித்த மார்க்கம் நம்முடையது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைக் கண்டித்ததும் அதுவே. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் கருவி கையெட்டும் தூரத்தில் இருக்க, சுவரேறிக் குதிப்பவருக்கு நாமே ஏணி பிடிப்பது தகுமா? வல்ல அல்லாஹ் நமக்கு விழிப்பைத் தந்தருள்வானாக. ஆமீன்.