பச்சை விளக்கு சொல்லாத செய்தி

இலண்டனில் வசிக்கும் என் மருமகளிடமிருந்து ஓரிரவு அழைப்பு வந்தது. "மாமா, ரெண்டு நாளாய் அம்மாவைப் பிடிக்க ஏலாமல் கிடக்கு. வீட்டு லைனும் வேலை செய்யேல்லை" என்றாள். குரலில் அழுகை தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் தனித்து வாழும் என் அக்காவுக்கு 76 வயது.

கொழும்பிலிருந்த நான் அயல்வீட்டாரை எழுப்பி, போய்ப் பார்க்கும்படி கேட்டேன். அக்கா நலமாகவே இருந்தார். அயலவரின் கைத்தொலைபேசியில் அவர் என்னிடம் கூறியது இதுதான்: "எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி. பெட்டியிலை பச்சை லைற் எரியுது. பிள்ளையள்தான் ஏனோ ரெண்டு நாளாய் எடுக்கேல்லை எண்டு இருந்தன்."

தாய் பதிலளிக்கவில்லை என மகளும், மகள் அழைக்கவில்லை எனத் தாயும் இரண்டு நாட்கள் வருந்தியிருக்கிறார்கள். ரவுட்டரை ஒரு தடவை நிறுத்திப் போட்டதும் யாவும் சரியாகிவிட்டன. இணைப்பு அறுவது புதுமையல்ல. அது அறுந்ததென்று ஒருவருமே அறியாதிருந்ததுதான் என்னை உறுத்தியது.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ற் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் அது ஒலித்தது. கம்பி அறுந்தால் ரிசீவரைக் காதில் வைத்ததுமே தெரிந்துவிடும். இன்றைய ஒளியிழை இணைப்பில் இணையமும் தொலைபேசியும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. அப்பெட்டி வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பது. அது உறைந்துபோனால் இரண்டும் ஒன்றாக மௌனித்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தபோது இதன் பொருளை நாம் நன்கு உணர்ந்தோம்.

வைஃபையின் பச்சை விளக்கு பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்வதில்லை. வீட்டுக்குள் வைஃபை இயங்குகிறது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. இணையத்தின் அமைப்பே அத்தகையது. இரு கணினிகள் பேச எதுவுமின்றி இருக்கையில் இடையிலுள்ள பாதை அறுந்தால் இரண்டுமே அதை அறியமாட்டா. மறுமுனை உயிரோடு இருக்கிறதா எனத் தானாக விசாரிக்கும் ஏற்பாட்டுக்குக்கூட, இயல்புநிலை இடைவெளி 2 மணித்தியாலங்களுக்குக் குறையலாகாது என 1989 இல் வெளியான இணைய விதிமுறை வரையறுத்தது. அக்காலத்துக் கட்டணமும் நெரிசலும் அதற்கு நியாயம் கற்பித்தன.

ஆகவே மௌனத்தை நம்பாமல் கேட்டுப்பார்க்க வேண்டும். அதற்கான கருவி நெடுங்காலமாகவே உண்டு. 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர் 'பிங்' என்னும் சிறு மென்பொருளை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியெழுப்பி எதிரொலியைக் கேட்பது போல, மறுமுனைக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதே அதன் வேலை.

இதைக் கொண்டு இணைப்பைத் தானாகச் சீராக்கும் வசதி சில ரவுட்டர்களில் உள்ளது. மின்செருகிக்கும் ரவுட்டருக்கும் நடுவே பொருத்தும் சிறு பெட்டிகளும் கிடைக்கின்றன. அக்கா வீட்டில் அத்தகைய ஒன்றையே பொருத்தினோம். அதற்கு விவேகமாக வேலை செய்யக் கற்பிக்க வேண்டும் என்பதை அனுபவத்தில் அறிந்தேன்.

முதலில் ரவுட்டரையும், அடுத்து வெளியுலகின் இரண்டு வெவ்வேறு முகவரிகளையும் அது விசாரிக்க வேண்டும். ஒரு முகவரி மட்டும் பதிலளிக்காவிட்டால் குறை அங்கேயே இருக்கலாம். ஒரு தடவை தவறியதற்காக இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது. தொடர்ந்து மூன்று நான்கு தடவைகள் தவறிய பின்னரே ரவுட்டரை நிறுத்திப் போட வேண்டும். அது எழுந்து வரச் சில நிமிடங்கள் ஆகும். அப்போதும் பயனில்லையேல் காத்திருக்கும் நேரத்தை 5 நிமிடம், 15 நிமிடம், 1 மணித்தியாலம் என நீட்டிக்கொண்டு போக வேண்டும். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்திற்கு வெளியே கப்பலின் நங்கூரம் பட்டுக் கடலடிக் கேபிள் சேதமுற்றபோது, வீட்டிலுள்ள மோடத்தை நூறு தடவை நிறுத்திப் போட்டிருந்தாலும் பயன் கிடைத்திராது.

'தினமும் அதிகாலை 3 மணிக்கு ரவுட்டரை நிறுத்திப் போட்டால் போதும்' என்போர் உளர். நோயை அறியாமல் மாத்திரை விழுங்கும் வைத்தியம் அது. காலை 4 மணிக்கு அறுந்த இணைப்பு மறுநாள் வரை காத்திருக்கும்.

பத்திரிகைக்காரனாகிய எனக்கு இவை எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது பதிவேடு. இணைப்பு எப்போது அறுந்தது, எப்போது மீண்டது என்பதை அப்பெட்டி குறித்து வைக்கிறது. முன்பு நாம் முறையிட்டபோதெல்லாம் "இப்போது சரியாகத்தானே இருக்கிறது" என்ற பதிலே கிடைத்தது. ஒரு மாதப் பதிவைத் திகதி, நேரத்துடன் வாசித்துக் காட்டிய பின்னரே தொழில்நுட்பவியலாளர் வந்தார். மின்சாரம் போய் வந்த பின்னரே இணைப்பு அறுந்து வந்திருப்பதைப் பதிவில் கண்டு, பழுதடைந்திருந்த மின்வழங்கியை மாற்றினார். தானாகச் சீராகும் இணைப்பு பதிவேடின்றி இருந்தால் அது குறையை மூடி மறைக்கும் கருவியாகிவிடும் ஆபத்தும் உண்டு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மாதக் கட்டணம் பெறும் நிறுவனங்கள் இந்த வசதியைத் தாம் வழங்கும் பெட்டிகளிலேயே இயங்கும் நிலையில் தரவேண்டும் என்பது எனது கருத்து. இணைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அறுந்திருந்தால், வாடிக்கையாளர் குறிப்பிடும் உறவினரின் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் அவர்களால் இயலாத காரியமல்ல. பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோர் எம்மிடையே ஏராளம். அவர்களைக் குனிந்து செருகியைப் பிடுங்கிப் போடச் சொல்வது தீர்வாகாது.

அது வரை, ஊரில் தாய் தந்தையரை விட்டுச் சென்றவர்கள் அடுத்த விடுமுறையில் வரும்போது இச்சிறு பெட்டியொன்றையும் கொண்டு வாருங்கள். அயலவர் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவு எமக்கு உதவியது அந்த இலக்கந்தான்.