பொன்னாடை வேண்டாம், சட்டம் வேண்டும்



முல்லோயா கோவிந்தனை நாம் மறக்கவில்லை. 1940 ஜனவரி 10-ஆம் திகதி, அந்தத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான தொழிலாளி அவர். அவருக்கு நினைவு நாள் உண்டு, மேடை உண்டு. அது நியாயம். ஆனால் உயிரை ஒரே நாளில் கொடுக்காமல், நாற்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த நம் பெண்களுக்கு என்ன உண்டு?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடுப்படிகளில் நிற்பவர்களைத்தான் சொல்கிறோம். தோட்டப் பாடசாலை இடாப்பில் பெயர் வெட்டப்பட்டுக் கொழும்புக்குப் போனவர்கள். அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள், படுத்த படுக்கையான முதியவர்களைக் கழுவித் துடைத்தார்கள். அனுப்பிய காசில் இங்கே தங்கைமார் கரையேறினார்கள், தம்பிமார் படித்தார்கள், லயத்துக் கூரைக்குத் தகரம் வந்தது. இதைவிடப் பெரிய சமூக சேவை எது? கொழும்பு மண்டபங்களில் மாதந்தோறும் பொன்னாடை போர்த்துகிறார்கள். இவர்களில் ஒருத்தியின் தோளில் அது விழுந்ததுண்டா?

“எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி” என்கிறார்கள் வீட்டுக்காரர்கள். வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தில் பங்கு உண்டு. இவளுக்குத் தீபாவளிச் சேலை மட்டுந்தான்.

கணக்கைப் பார்ப்போம். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாட்சம்பளம் சேவைக்காலப் பணமாக உண்டு. நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வைத்தால், 30 வருடத்துக்கு 5,67,000 ரூபா. அதற்கு மேல் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதி. கொட்டாஞ்சேனைக் கடையில் நிற்கும் நம் பையனுக்கும் சேமலாப நிதி உண்டு. முதலாளி கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதே 30 வருடம் அடுத்த தெரு வீட்டில் சமைத்தவளுக்குப் பணிக்கொடையும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. வீட்டு வேலையாளரைச் சட்டமே வெளியே தள்ளி வைத்திருக்கிறது.

வீட்டு வேலையாளரைப் பதிவு செய்ய 1871-இலேயே சட்டம் போட்டார்கள். பதியத் தெரிந்தது, ஓய்வுகாலத்துக்கு வழி செய்யத் தெரியவில்லை. வீட்டு வேலையாளருக்கான சர்வதேச சமவாயம், 189-ஆம் இலக்கம், 2011-இல் வந்தது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2021 ஜூலையில் டயகமச் சிறுமி ஒருத்தி, 16 வயதில், கொழும்பு வீடொன்றில் வேலை செய்த இடத்தில் தீக்காயப்பட்டு இறந்தாள். நாடே தெருவில் இறங்கியது. பதாகைகள் மடிக்கப்பட்டன. அடுப்படி அப்படியே இருக்கிறது.

“தனித்தனி வீட்டில் இருப்பவர்களை எப்படி ஒன்று சேர்ப்பது?” என்று கேட்கிறவர்கள் உண்டு. 1933-இல் அதே வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அதன் தலைவர். இந்தியாவிலிருந்து வந்த கூலிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களே அங்கு அதிகம். அவர்களும் ‘சேர முடியாதவர்கள்’தான், சேரும்வரை.

நாம் கேட்பது இவைதான். வீட்டு வேலையைப் பணிக்கொடைச் சட்டத்துக்கும் சேமலாப நிதிக்கும் உட்படுத்து. குறைந்தபட்சச் சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் எழுத்தில் கொடு. 189-ஆம் சமவாயத்தை ஏற்றுக்கொள்.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளையைத் தரகரிடம் ஒப்படைக்காதீர்கள். வயது வந்தவர் போவதானால், வீட்டு முகவரி, சம்பளம், தரகரின் பெயர் மூன்றையும் தோட்டக் கமிட்டியில் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே கொழும்பில் இருக்கும் அக்காமார், அத்தைமாரின் பெயர், வேலை செய்த வருடங்கள், வாங்கிய சம்பளம் ஆகியவற்றைக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு தொழில் அமைச்சின் வாசலுக்குப் போவோம்.

உழைத்தவளுக்கு மரியாதை என்பது, அவள் வயதான காலத்தில் யாரிடமும் கையேந்தாமல் இருப்பதுதான்.